ஜெனிக்கு வெயில் ஆகாது

போன மாதம் என் பழைய டிபார்ட்மென்டிலிருந்து இரண்டு இளம் டாக்டர்கள் அம்பத்தூரில் என் வீட்டுக்கே வந்திருந்தார்கள். குழந்தைகளுக்குத் தோலில் வரும் அபூர்வமான கட்டிகளைப் பற்றி நான் மாணவர்களுக்குப் பேச வேண்டும் என்று கேட்டார்கள். நம்பிக்கை தருகிற மாதிரி இரண்டு மூன்று கேஸ் சொன்னால் நன்றாக இருக்கும் என்றார்கள்.

“இப்பல்லாம் ரொம்ப ஈசி மேடம்” என்றாள் வந்தவர்களில் ஒரு பெண். “கன்னத்துக்கு உள்ள பஞ்சுக் குச்சியால ஒரு தடவு தடவி அனுப்பிட்டா போதும். எந்த மரபணுவுல கோளாறுன்னு பேரோட வந்துடுது.”

“வந்த பிறகு?” என்று கேட்டேன்.

அந்தப் பெண் ஆறிப்போன காபியை எடுத்துக் குடித்தாள்.

நான் அவர்களை மடக்கக் கேட்கவில்லை. அதற்குப் பதில் எனக்கும் தெரியாது. வேலையில் இருந்த காலம் முழுக்கத் தெரிந்துகொள்ள முயன்றேன். பேச வர மாட்டேன் என்று சொல்லி அனுப்பிவிட்டேன். அன்றிலிருந்து மனசு ஒரே இடத்தில் போய் நிற்கிறது. அதனால் எழுதுகிறேன்.

நான் தோல் மருத்துவம் எடுத்ததற்குப் பெரிய லட்சியம் எதுவும் காரணமில்லை. எனக்கு அப்போது கைக்குழந்தை. “உயிர் போற கேஸ் வராது, நிம்மதியான வேலை” என்று என் மாமனார் சொன்னார். மேற்படிப்பில் படை, சொறி, தேமல், வெண்புள்ளி என்று வருஷங்கள் ஓடின. குழந்தையின் தோலிலும் புற்றுநோய் வரும் என்பது பாடப் புத்தகத்தில் பரீட்சைக்கு வராத ஒரு பக்கம். அந்தப் பக்கத்தை நான் உண்மையில் படித்தது வேலைக்குச் சேர்ந்த பிறகுதான்.

குமணன்சாவடியைத் தாண்டி ஹைவேக்குக் கொஞ்சம் உள்ளே தள்ளி இருந்த டிரஸ்ட் ஆஸ்பத்திரி அது. பூந்தமல்லி, ஆவடி, அம்பத்தூர் என்று மேற்குப் பக்கத்து ஜனங்கள் பெரிய ஆஸ்பத்திரிக்குப் போவதற்கு முன்னால் ஒரு தடவை இங்கே வந்து பார்ப்பார்கள். தோல் பிரிவின் தலைவர் டாக்டர் ஞானசேகரன். நாங்கள் எல்லோரும் ‘சீஃப்’ என்போம்.

சீஃப் குரலை உயர்த்திப் பேசி நான் கேட்டதில்லை. குழந்தையை மேஜையில் படுக்கவைக்க விடமாட்டார். அம்மாவின் மடியில்தான் பார்ப்பார். உடுப்பை அம்மாதான் கழற்ற வேண்டும், நர்ஸ் தொடக் கூடாது. தொடுவதற்கு முன்னால் இரண்டு உள்ளங்கைகளையும் தேய்த்துச் சூடாக்கிக்கொள்வார். எந்தக் கட்டிக்காக வந்திருக்கிறார்களோ அதைக் கடைசியில்தான் பார்ப்பார். உள்ளங்கால், விரலிடுக்கு, காதுக்குப் பின்புறம், முடியைப் பிரித்து உச்சந்தலை எல்லாம் பார்த்த பிறகுதான் அதற்கு வருவார். நான் சேர்ந்த புதிதில் நேராகக் கட்டிமேல் விரலை வைத்தபோது மெல்லச் சொன்னார்: “கட்டி எங்கயும் ஓடிப்போகாதும்மா. பிள்ளையப் பாரு முதல்ல.”

பரிசோதனைக்குத் தோலில் துண்டு எடுப்பது அவருக்கு ஒரு சடங்கு மாதிரி. மரத்துப்போகும் மருந்தைச் சிறிது நேரம் கைக்குள் பொத்தி வைத்திருப்பார். சில்லென்ற மருந்துதான் எரியும், உடம்புச் சூட்டுக்கு வந்த மருந்து அவ்வளவாக எரியாது. ஊசியை ஏற்றுவது தெரியாத அளவுக்கு மெதுவாக ஏற்றுவார். பென்சில் முனை அகலத்துக்கு ஒரு வட்டக் கத்தி. அதை அழுத்தித் திருகி எடுத்ததும் துண்டை இடுக்கியால் பிடிக்கக் கூடாது, நசுங்கிவிடும். ஊசி முனையால் தூக்கி நேரே மருந்து பாட்டிலில் போட வேண்டும். பெயரை மூடியில் எழுதினால் கூப்பிட்டு நிறுத்துவார். “மூடி மாறும். பாட்டில் மாறாது. அடுத்த வீட்டுப் பிள்ளையோட நோயை இந்தப் பிள்ளைக்குக் கொடுத்துடாத.”

முகத்தில் முழுக் கட்டியையும் வெட்டி எடுக்கும்போது, எடுத்த துண்டில் மேல்பக்கம் ஒரு குட்டை நூலும் காதுப் பக்கம் ஒரு நீள நூலும் தைத்துவிடுவார். அப்படிச் செய்தால்தான், மைக்ராஸ்கோப்பில் பார்ப்பவர் எந்த ஓரத்தில் நோய் மிச்சம் இருக்கிறது என்று சொல்ல முடியும். அந்த பாட்டிலை அட்டெண்டரிடம் கொடுக்காமல் தானே மாடியேறிக் கொண்டுபோய்க் கொடுப்பார்.

‘கவலைப்படாதீங்க’ என்று யாரிடமும் சொல்ல மாட்டார். ஏன் என்று ஒருமுறை கேட்டேன். “கவலைப்பட வேண்டிய விஷயம்தானே? அவங்க படட்டும். நாம கூட இருப்போம்” என்றார்.

அந்த இளம் டாக்டர்கள் கேட்ட நம்பிக்கை தரும் கேஸ்களும் உண்டு. ஆவடியிலிருந்து வந்த ஒரு கைக்குழந்தைக்கு உச்சந்தலையில் ஆரஞ்சுப் பழ நிறத்தில் ஒரு முண்டு இருந்தது. வேறு எங்கோ உடனே வெட்ட வேண்டும், புற்றாக இருக்கும் என்று சொல்லியிருந்தார்கள். சீஃப் லென்ஸ் வைத்துப் பார்த்தார், அரிசி அளவு துண்டு எடுத்து அனுப்பினார், பிறகு அப்படியே விட்டுவிடச் சொன்னார். பள்ளிக்கூடம் சேரும் வயதில் அந்த முண்டு இருந்த இடமே தெரியவில்லை. இன்னொரு குழந்தைக்குத் தொடையில் எல்லோரும் ரத்தநாளக் கட்டி என்று நம்பியிருந்தது, அவர் விரலுக்குக் கல்லாகப் பட்டது. அது புற்றேதான். அந்தக் குழந்தைக்குக் கால் போயிற்று, உயிர் இருந்தது. இப்போது பெரிய ஆளாகிவிட்டான்.

இவற்றைச் சொல்லியிருந்தால் மாணவர்கள் கை தட்டியிருப்பார்கள்.

ஜெனிஃபரை அவள் அம்மா லில்லி அழைத்துவந்தபோது அவளுக்கு ஆறு வயது. கோடைகாலத்து மதியம். குழந்தை முகத்தை அம்மாவின் இடுப்பில் புதைத்துக்கொண்டு நடந்து வந்தாள். மண்ணூர்பேட்டையில் வீடு. லில்லி அம்பத்தூர் தொழிற்பேட்டையில், எஸ்டேட் என்பார்கள், ஒரு தையல் கம்பெனியில் வேலை பார்த்தாள்.

“மொகம் பூரா மச்சம் மச்சமா கீது மேடம். சின்னதுலேர்ந்தே கீது” என்றாள். “இப்ப மூக்கு மேல ஒன்னு வந்துகீது. காயவே மாட்டேங்குது. தொட்டா ரத்தம்.”

நான் குழந்தையின் முகத்தைத் திருப்பினேன். வாழ்நாளெல்லாம் உப்பளத்தில் நின்று வேலை செய்த ஒரு கிழவியின் தோல் அந்த முகத்தில் இருந்தது. வறண்டு, சுருங்கி, கறுப்பும் வெளுப்புமாகப் புள்ளி விழுந்த தோல். உதடு வெடித்திருந்தது. கழுத்தும் முன்கையும் அப்படியே. சீஃப் கவுனைத் தூக்கச் சொன்னார். வயிறும் முதுகும் எந்த ஆறு வயதுக் குழந்தைக்கும் இருப்பது போல மழமழவென்று இருந்தன. ஒரே உடம்பில் இரண்டு வேறு வயதுகள்.

சீஃப் எழுந்து பரிசோதனை விளக்கை அணைத்தார். ஜன்னல் திரையை இழுத்துவிட்டார். ஜெனி மெதுவாகக் கண்ணைத் திறந்தாள்.

“இப்ப எரியல” என்றாள்.

“கைக்குழந்தையா இருந்தப்ப வெயில்ல தூக்கிட்டுப் போனீங்களா?” என்று சீஃப் லில்லியைக் கேட்டார்.

“மாதா கோயில் திருவிழாவுக்குத் தூக்கிகினு போனேன் சார். சாயங்காலம் பாத்தா மொகம் பூரா கொப்புளம். கண்ணு பட்டுட்சின்னு சுத்திப் போட்டோம்.”

“வீட்டுக்காரர் உங்களுக்குச் சொந்தமா?”

“மாமா தான் சார். அம்மா கூடப் பொறந்தவரு.”

சீஃப் அதற்கு மேல் கேட்கவில்லை. மூக்கின்மேல் இருந்ததிலிருந்து துண்டு எடுத்தோம். ஜெனி அழவில்லை. அன்றைக்குப் படிக்கட்டுவரை சீஃப் பின்னாலேயே போனேன். பாட்டிலைக் கையில் வைத்துக்கொண்டு நின்று, “பேர் தெரியுமா இந்த நோய்க்கு?” என்று கேட்டார். சொன்னேன். “தெரியாம இருந்திருந்தா நல்லா இருந்திருக்கும்” என்று சொல்லிவிட்டு மேலே ஏறிப் போனார்.

ரிசல்ட் வந்தது. புற்றுதான்.

லில்லியின் கணவர் சேவியர் எஸ்டேட்டில் ‘குட்டி யானை’ என்கிற சின்ன லாரியில் லோடு அடிப்பவர். காக்கிச் சட்டையோடு வந்து நாற்காலியின் நுனியில் உட்கார்ந்தார். சீஃப் சொல்ல ஆரம்பித்தார்.

“வெயில் எல்லாரோட தோலையும் கொஞ்சம் கீறிக்கிட்டேதான் இருக்கும். நம்ம உடம்பு அதை அப்பப்ப தச்சு சரி பண்ணிக்கும். நமக்குத் தெரியவே தெரியாது. இவ உடம்புல அந்தத் தையல் இல்ல. ஒவ்வொரு கீறலும் அப்படியே தங்கிடுது. தங்கித் தங்கி இந்த மாதிரி கட்டியா வருது. இதை வெட்டி எடுத்துடலாம். ஆனா திரும்ப வரும்.”

“மருந்து இல்லியா சார்?”

“இல்ல. வெயில் படாம பாத்துக்கணும். அது ஒண்ணுதான். கொஞ்சம்கூடப் படக் கூடாது. ஜன்னல் வழியா வர்ற வெளிச்சமும் சேர்த்துத்தான் சொல்றேன்.”

சேவியர் தரையைப் பார்த்துக்கொண்டே கேட்டார்: “மெட்ராஸ்ல வெயில் இல்லாத ஊடு எங்க சார் கீது?”

பிறகு நிமிர்ந்து சீஃபைப் பார்த்தார்.

“இது இன்னாத்துக்கு சார் வந்துச்சு எம் பொண்ணுக்கு?”

சீஃப் அதையும் சொன்னார். கணவனிடமும் மனைவியிடமும் அந்தக் குறை பாதிப் பாதியாக மறைந்து இருக்கிறது, பாதியாக இருக்கும்வரை யாருக்கும் ஒன்றும் செய்யாது, ஒரே குடும்பத்தில் கட்டும்போது இரண்டு பாதியும் ஒரு குழந்தையிடம் சேர்ந்துவிடலாம் என்று நிதானமாகச் சொன்னார். இது உங்கள் இருவருக்கும் தெரிந்திருக்க வழியே இல்லை என்றும் சொன்னார்.

லில்லி அன்று முதல் தடவையாக வாய் திறந்தாள். “நான் வேற ஆளக் கட்டிகினு இருந்தா, என் கொழந்தைக்கு இது வந்திருக்காதா சார்?”

“அனேகமா வந்திருக்காது” என்றார் சீஃப்.

அவர்கள் உள்ளே வரும்போது சேர்ந்து வந்தார்கள். வெளியே போகும்போது சேவியர் முன்னால் போய்விட்டார். லில்லி குழந்தையின் தலையைத் துப்பட்டாவால் மூடி, கொஞ்சம் தள்ளிப் பின்னால் நடந்தாள். அவர்களுக்கு வேறு குழந்தை பிறக்கவில்லை. ஒருமுறை நானே அந்தப் பேச்சை எடுத்தேன். “வேணாம் மேடம். அதுவும் இருட்டுல வந்து குந்திகினு இருந்தா நான் எங்க போவேன்” என்றாள்.

அவர்கள் செய்யாதது எதுவும் இல்லை. இதை நான் அழுத்திச் சொல்ல வேண்டும். ஏனென்றால் இந்த மாதிரிக் கதைகளில் பெற்றவர்கள் ஏதோ கவனக் குறைவாக இருந்தார்கள் என்று கேட்பவர்களுக்குத் தோன்றும். லில்லி கம்பெனி வேலையை விட்டு வீட்டிலேயே மெஷின் போட்டுத் தைத்தாள். ஜன்னல்களுக்குக் கறுப்புத் துணி இரண்டு மடிப்பாகத் தைத்துப் போட்டாள். ஜெனிக்கு முகத்தை மூடும் முக்காடு, முழங்கையைத் தாண்டும் கையுறை எல்லாம் அவளே தைத்தாள். ட்யூப்லைட் வெளிச்சமும் ஆகாது என்பதால் சேவியர் அதைக் கழற்றிவிட்டு நாங்கள் சொன்ன பல்பை மாட்டினார்.

ஒருநாள் அவர்கள் வீட்டைப் பார்க்கப் போனேன். ஆஸ்பெஸ்டாஸ் கூரை போட்ட ஒற்றை அறை. கதவு, ஜன்னல் எல்லாம் அடைத்து, உள்ளே அடுப்புக்குள் உட்கார்ந்த மாதிரி இருந்தது. ஷீட்டில் ஆணி கழன்ற ஓட்டை ஒன்று வழியாக வெயில் தரையில் ஒரு ரூபாய்க் காசு அளவுக்கு விழுந்துகொண்டிருந்தது. ஜெனி அதன் முன்னால் சம்மணம் போட்டு உட்கார்ந்து, அந்த வட்டத்துக்குள் கையை வைப்பதும் எடுப்பதுமாக இருந்தாள். நான் பார்த்ததும் கையைப் பின்னால் மறைத்துக்கொண்டாள். அன்று சாயங்காலமே சேவியர் ஓட்டையை அடைத்துவிட்டார். கொஞ்ச நாளில் பக்கத்துத் தெருவில் ஒரு மாடி வீட்டின் கீழ்ப் பகுதிக்குக் குடி மாறினார்கள்.

பள்ளிக்கூடத்துக்கு நானே போய்ப் பேசினேன். ஜன்னலுக்கு எதிர்ப்பக்க மூலையில் இடம் கொடுத்தார்கள். நல்ல மனசோடுதான் கொடுத்தார்கள். சில மாதங்கள் போனாள். பிறகு மற்ற பிள்ளைகளின் வீட்டிலிருந்து வந்து, இது ஒட்டிக்கொள்கிற நோய் என்று சண்டை பிடித்தார்கள். ஒட்டாது என்று எழுதிக் கொடுத்தேன். ஹெட்மிஸ்ட்ரஸ் அதைப் படித்துக் காட்டினார். யாரும் கேட்கவில்லை. ஒருநாள் ஒரு குழந்தை ஜெனியின் முக்காட்டை இழுத்துவிட்டது. அத்தோடு லில்லி அவளைப் பள்ளிக்கூடம் அனுப்புவதை நிறுத்திவிட்டாள்.

இவ்வளவுக்கும் பிறகு கட்டிகள் வந்துகொண்டே இருந்தன. ஆறு வயதுக்குள் பட்ட வெயில் உள்ளே தங்கிவிட்டது. சில மாதங்களுக்கு ஒருமுறை ஒன்று வரும். கண்ணுக்குக் கீழே, மேலுதட்டில், கன்னத்தில், காது மடலில். சாதாரணமாகப் புற்றை வெட்டும்போது சுற்றிலும் நல்ல தோலையும் தாராளமாகச் சேர்த்து எடுக்க வேண்டும். இவளிடம் அது முடியாது. நாளைக்குப் பக்கத்திலேயே இன்னொன்று வரும். அப்போது மூடுவதற்குத் தோல் வேண்டும். மார்க்கிங் பேனாவால் வட்டம் போடும்போது சீஃப் என் கையைப் பிடித்து நிறுத்துவார். “இவ்வளவு வேணாம். மிச்சம் வை.” நோயும் மிச்சம் இருக்கக் கூடாது, முகமும் மிச்சம் இருக்க வேண்டும். ஒரு நூல் அகலத்துக்காக நாங்கள் இருவரும் நின்று வாதாடியிருக்கிறோம்.

ஒரு மாத்திரை உண்டு. அதைச் சாப்பிடும்வரை புதுக் கட்டிகள் குறையும். கொடுத்தோம். உதடு வெடித்து ரத்தம் வந்தது. எலும்பு வலி என்று ராத்திரியெல்லாம் தூங்கவில்லை. ரத்தப் பரிசோதனையில் ஈரல் கெட ஆரம்பித்திருந்தது. நிறுத்தினோம். நிறுத்தியதும் விட்டுப்போன கட்டிகளெல்லாம் சேர்ந்து வந்தன. இந்த வெயில் ஊரில், எலும்பு வலுவாக இருக்க வேண்டுமென்று அவளுக்கு மட்டும் வெயிலுக்குப் பதிலாக வைட்டமின் டி சொட்டு மருந்து எழுதிக்கொடுத்தேன்.

சீஃப் ஓய்வு பெற்றார். போகும்போது என்னிடம் எந்த நோயாளியையும் ஒப்படைத்துப் பேசவில்லை. ஜெனியைப் பற்றி மட்டும், “இனி அவளை நீதான் வெட்டணும்” என்றார். அடுத்த வருஷம் மாரடைப்பில் போய்விட்டார்.

அதற்குப் பிறகு வெட்டியதெல்லாம் நான்தான். ஜெனி ஆபரேஷன் அறைக்குள் வரும்போதே, “இன்னிக்கு எங்க மேடம்?” என்று கேட்பாள். அவளே விரலால் தொட்டுக் காட்டுவாள். “இங்கயும் ஒன்னு வரும்போல கீது. அடுத்த மாசம் பாருங்க.” அவள் சொன்ன இடத்தில் வரும். மரத்துப்போன முகத்தோடு வாயைக் கோணி ஏதாவது பேசிக்கொண்டே இருப்பாள். அம்மா தைக்கும் ஜாக்கெட்டுகளுக்குக் கொக்கி வைப்பது, பக்கத்து வீட்டுச் சண்டை, அப்பா வண்டி பஞ்சர் ஆனது என்று எல்லாம் சொல்வாள். நான் தைத்துக்கொண்டே கேட்பேன். சொந்த மகளிடம் நான் அவ்வளவு நேரம் உட்கார்ந்து பேசியதில்லை.

பதினோரு வயதில் ஒருநாள் கட்டு மாற்ற வந்தபோது கேட்டாள்.

“மேடம், ஒன்னு கேட்டா திட்ட மாட்டீங்களே?”

“கேளு.”

“மாடிக்குப் போயி காஞ்ச துணி எடுத்துகினு வரவா? ஒரே ஒரு வாட்டி.”

லில்லி பக்கத்தில் நின்றுகொண்டிருந்தாள்.

“எதுக்கு ஜெனி?”

“தெனம் அம்மா எடுத்துகினு வந்து கட்டில்ல கொட்டும். நான்தான் மடிப்பேன். சுடச்சுட இருக்கும் மேடம். துண்டெல்லாம் மொடமொடன்னு நிக்கும். ஒரு வாட்டி நானே போயி எடுத்துகினு வரேனே. முக்காடு போட்டுகினுதான்.”

“பொழுது சாஞ்ச பிறகு போய் எடு. தாராளமா எடு.”

“அப்ப சில்லுனு ஆயிடும் மேடம்” என்றாள்.

நான் முடியாது என்றேன். அவளுக்குப் புரியும்படி விளக்கமாகச் சொன்னேன். ஒரு தடவை என்று ஆரம்பித்தால் என்ன ஆகும் என்றும் சொன்னேன். லில்லி என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். நான் லேசாகத் தலையசைத்திருந்தாலும் போதும், அவள் அன்றே அழைத்துக்கொண்டு போயிருப்பாள். ஜெனி “சரி மேடம்” என்றாள். மறுபடி கேட்கவில்லை. நான் சொன்னது தப்பு என்று இன்றைக்கும் நினைக்கவில்லை. அப்படி ஒரு குழந்தை இன்று வந்து கேட்டாலும் முடியாது என்றுதான் சொல்ல வேண்டும். அதுதான் இந்த வேலை.

அடுத்த இரண்டு வருஷத்தில் கண் போக ஆரம்பித்தது. இந்த நோயில் கண்ணின் முன்பகுதியும் வெந்து வெந்து வெளுத்துவிடும். கண் டாக்டர்கள் செய்யக்கூடியதைச் செய்தார்கள். ஜெனி ஊசியில் நூல் கோப்பதை விட்டாள், பிறகு கொக்கி வைப்பதை விட்டாள். எதிரில் வருவது யார் என்பதைக் குரலை வைத்துக் கண்டுபிடித்தாள்.

பதினான்கு வயதில் தலையைச் சீவிவிடும்போது லில்லி விரலில் ஏதோ தட்டுப்பட்டது. முடிக்கு உள்ளே, வெயிலே படாத இடத்தில், நாவற்பழத் தோல் நிறத்தில் ஒரு கட்டி. இதுவரை வந்தவையெல்லாம் இருந்த இடத்திலேயே அரிக்கும் ஜாதி. இது வேறு. இது ரத்தத்தில் ஏறிப் போகும். நான் கழுத்தைத் தொட்டுப் பார்த்தேன். காதுக்குக் கீழே இரண்டு நெறிக்கட்டிகள் கெட்டியாக இருந்தன. கையைத் தேய்த்துச் சூடாக்க மறந்திருந்தேன் போல. “கை சில்லுனு கீது மேடம்” என்றாள் ஜெனி.

நகரத்துப் பெரிய புற்றுநோய் ஆஸ்பத்திரிக்கு அனுப்பினேன். அங்கே நல்ல டாக்டர்கள். புது மருந்துகள் ஏற்றிப் பார்த்தார்கள். முதலில் சுருங்கியது போல இருந்தது. லில்லி எனக்கு போன் செய்து, “கொறஞ்சிகீதாம் மேடம்” என்றாள். அடுத்த ஸ்கேனில் ஈரலில் இருந்தது. பிறகு எலும்பில். வீட்டிலேயே வைத்துப் பார்த்துக்கொள்ளச் சொல்லி அனுப்பிவிட்டார்கள்.

வாரம் இரண்டு தடவை மண்ணூர்பேட்டைக்குப் போனேன். வலிக்கு மருந்து கொடுப்பதைத் தவிர எனக்கு அங்கே வேலை இல்லை. சேவியர் லோடுக்குப் போவதைக் குறைத்துக்கொண்டு வாசலிலேயே வண்டியில் உட்கார்ந்திருப்பார். உள்ளே வர மாட்டார். அவரும் லில்லியும் ஒருவரோடொருவர் பேசிக்கொண்டு நான் பார்த்ததில்லை.

அப்படிப் போன ஒரு மதியம், ஜெனிக்குக் கொஞ்சம் வலி விட்டிருந்தது. சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். அறையின் ஜன்னல்கள் வழக்கம்போல அடைத்திருந்தன. அந்தக் கறுப்புத் துணியைப் பார்த்தேன். இதற்கு மேல் எதற்கு என்று தோன்றியது.

“ஜெனி, துணி எடுக்க மாடிக்குப் போகணும்னு கேட்டியே. போறியா? இப்ப போகலாம்” என்றேன்.

அவள் என் குரல் வந்த பக்கம் முகத்தைத் திருப்பினாள்.

“அப்ப அவ்ளோதானா மேடம்?” என்றாள்.

இத்தனை வருஷம் நான் சொன்ன ‘முடியாது’ எல்லாம் அவள் பிழைப்பாள் என்பதற்காகச் சொன்னது. அதை அவள் அறிந்திருந்தாள். நான்தான் யோசிக்கவில்லை. எந்த டாக்டரும் வாயால் சொல்லாததை என் அனுமதி சொல்லிவிட்டது. லில்லி மெஷினைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

“ஆமா ஜெனி” என்றேன்.

அவள் தலையாட்டினாள். “துணி காஞ்சிகீதாம்மா?” என்று அம்மாவைக் கேட்டாள்.

“காஞ்சிருக்கும்” என்றாள் லில்லி.

நாங்கள் இருவரும் இரண்டு பக்கமும் பிடித்துக்கொண்டு படியேற்றினோம். முக்காடு போடவில்லை. மொட்டைமாடிக் கதவைத் திறந்ததும் வெயில் மொத்தமாக வந்து அடித்தது. ஜெனி இரண்டு கைகளாலும் கண்ணைப் பொத்திக்கொண்டாள். விரலிடுக்கு வழியாகத் தண்ணீர் கொட்டியது. திறந்து பார்க்க முயன்றாள், முடியவில்லை. தரை சுட்டது. காலை மாற்றி மாற்றி வைத்தாள். லில்லி கொடியிலிருந்து ஒரு துண்டை உருவி அவள் கையில் கொடுத்தாள். ஜெனி அதைத் தடவிப் பார்த்தாள், முகத்தில் வைத்தாள், புண்ணில் பட்டதும் எடுத்துவிட்டாள்.

“கீழ போலாம்” என்றாள்.

படி இறங்கும்போது பாதியில் நின்றாள். “நல்லாவே இல்லம்மா” என்றாள்.

கீழே வந்து படுத்துக்கொண்டாள். லில்லி மறுபடி மேலே போய் மிச்சத் துணியை எடுத்துக்கொண்டு வந்து ஒரு மூலையில் போட்டாள். அன்று அதை யாரும் மடிக்கவில்லை.

அந்த மாதக் கடைசியில் ஜெனி இறந்துபோனாள். நான் போய்ச் சேர்ந்தபோது சேவியர் ஜன்னல்களிலிருந்து கறுப்புத் துணியைக் கிழித்துக் கிழித்துத் தெருவில் எறிந்துகொண்டிருந்தார். அறை முழுக்க வெளிச்சம். அந்த வெளிச்சத்தில்தான் அவள் முகத்தை முதல் தடவையாக நிதானமாக, முழுசாகப் பார்த்தேன். ஒவ்வொரு தழும்பும் நான் போட்டது, அல்லது சீஃப் போட்டது. எந்தத் தையல் எந்த வருஷம் என்று என்னால் சொல்ல முடிந்தது.

அதற்குப் பிறகும் நான் ஓய்வு பெறும்வரை வேலை பார்த்தேன். வேறு குழந்தைகள் வந்தார்கள். சிலர் பிழைத்தார்கள்.

லில்லியைக் கடைசியாகப் பார்த்தது அம்பத்தூர் மார்க்கெட்டில். இளைத்திருந்தாள். சேவியர் எங்கோ ஒசூர் பக்கம் வண்டி ஓட்டப் போய்விட்டதாகவும், எப்போதாவது வருவதாகவும் சொன்னாள். மறுபடியும் தையல் கம்பெனிக்கே போகிறாளாம். பஸ்ஸுக்காக நிழலில் ஒதுங்கி நின்றோம். பிறகு அவள் கேட்டாள். குற்றம் சொல்லும் குரலில் கேட்கவில்லை. எதையோ சரிபார்த்துக்கொள்வது போலக் கேட்டாள்.

“மேடம், அன்னிக்கு அவ கேட்டப்பவே மாடிக்குப் போவ வுட்டிருந்தா, கண்ணு தெரியும்போதே பாத்திருப்பா இல்ல?”

“பாத்திருப்பா” என்றேன்.

லில்லி தலையசைத்தாள். அவள் பஸ் வந்தது. ஏறிப் போனாள்.